சாவி யார் கையில்?

(ஆலங்குளத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



அரசு சிமெண்ட் ஆலை எழுந்த ஆலங்குளத்தில் நின்று பேசுகிறேன். சுற்று வட்டாரமெங்கும் பட்டாசு ஆலைகள், ஆலைதோறும் கிடங்கு. சரக்கு நம்முடையது, கிடங்கோ அயலானுடையது, சாவியும் அவன் இடுப்பில் என்று எவனேனும் தொழில் நடத்துவானா? கேட்டால் கைகொட்டிச் சிரிப்பீர்கள். ஆனால், கணினி கற்ற நம் வீட்டுப் பிள்ளைகள் அப்படித்தான் நடத்திக் கொண்டிருக்கின்றனர்!

கட்டற்ற மென்பொருள் என்கிறோம். எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். இரவெல்லாம் கண்விழித்து அதன் நிரலை எழுதுபவன் நம் பிள்ளை. எழுதியதை வைப்பது எங்கே? கிட்ஹப் எனும் அமெரிக்கக் கிடங்கிலே! 2018-இல் அந்தக் கிடங்கை மைக்ரோசாப்ட் வாங்கிற்று. விலை 750 கோடி டாலர்!

"வாடகை கேட்கவில்லையே, வம்பென்ன?" என்பர் நண்பர் சிலர். வம்பு வந்த கதையைக் கேளுங்கள். 2019 ஜூலையில், அமெரிக்க அரசின் தடையைக் காட்டி, ஈரானிலும் சிரியாவிலும் கிரிமியாவிலும் இருந்தோர் கணக்குகளுக்குக் கிட்ஹப் கட்டுப்பாடு விதித்தது. அவர்கள் செய்த குற்றம்? அங்கே வாழ்ந்தனர், அவ்வளவே! ஈரானியர்க்குக் கதவு மீண்டும் திறக்க 2021 ஜனவரி ஆயிற்று.

"அது ஈரான், இது இந்தியா" என்பீரோ? 2025 ஜூலையில், குஜராத்தின் வாடினாரில் எண்ணெய் ஆலை நடத்தும், ரஷ்யப் பங்குடைய நயாரா கம்பெனிக்கு, ஐரோப்பியத் தடையையொட்டி மைக்ரோசாப்ட் தன் சேவையை நிறுத்திற்று. கம்பெனி டில்லி உயர்நீதிமன்றப் படியேறிய பின்னரே சேவை மீண்டது. காசு கட்டியவனுக்கே அக்கதி, இலவசமாய்க் குடியிருப்பவனுக்கு?

வழி உண்டா? உண்டு. கிட் எனும் கருவியிலே ஒவ்வொரு நகலும் முழு நகல். முதல்நாள் எழுதிய வரியிலிருந்து நேற்றுச் செய்த திருத்தம் வரை அத்தனையும் அதிலிருக்கும். ஆகவே நிரலைப் பெயர்ப்பது எளிது. அரியது வேறு. பிழை சுட்டியோர் மடல்கள், நடந்த வாதங்கள், நாலு பேர் வந்துபோகும் பழக்கம் ஆகியவை நகலோடு வருவன அல்ல; கிடங்குக்காரனிடம் தங்குவன. நம்மைக் கட்டியிருக்கும் கயிறு அதுதான்!

அக்கயிற்றை அறுத்தவரும் உண்டு. பெர்லினில் உறுப்பினர் சங்கமாக நடக்கும் கோட்பெர்க்குக்கு, 2025-இல் ஜிக் எனும் நிரல்மொழியினர் குடிபெயர்ந்தனர். கோட்பெர்க்கை இயக்கும் ஃபோர்ஜெயோவும் கட்டற்ற மென்பொருளே. நம் ஊர்க் கல்லூரிக் கணினியொன்றிலும் நிறுவலாம்!

சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றனர். கற்ற இடத்திலேயே தங்கினரா? இல்லை, ஊர் திரும்பினர். தொழிலை இந்த வறண்ட மண்ணிலே நட்டனர். கற்பதற்கு உலகெங்கும் போகலாம். கட்டுவது நம் மனையிலே இருக்கட்டும்.

அயலான் கிடங்கை இடிக்கச் சொல்லவில்லை. உலகோர் காண அங்கே ஒரு படி இருக்கட்டும். மூலப்படியும், வாதங்களின் ஏடும், சாவியும் நம்மிடம் இருக்கட்டும். இன்றிரவு வீடு திரும்பியதும், கணினி முன் அமர்ந்திருக்கும் தம்பியிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "தம்பி, சாவி யார் கையில்?"