நோயாளியே ஆராய்ச்சியாளர்

ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோ தீவில் உராகாவா என்று ஒரு கடலோரச் சிற்றூர். மனநல மருத்துவமனையிலிருந்து வெளியே வந்த சிலர் 1984-ல் அங்கே 'பெத்தேல் இல்லம்' தொடங்கினார்கள். கடற்பாசியைப் பொட்டலம் கட்டி விற்றுப் பிழைத்தார்கள்.

2001-ல் அங்கே ஓர் இளைஞர். கோபம் வந்தால் வெடித்துவிடுவார், அப்புறம் நொந்துபோவார். சமூகப் பணியாளர் முகாயாச்சி இகுயோஷி அவரிடம், "இதை நாம் சேர்ந்து ஆராயலாமா?" என்று கேட்டார். அறிவுரை இல்லை, கண்டிப்பு இல்லை, பாருங்கள்! எவ்வளவு மரியாதையான கேள்வி!

அன்று தொடங்கியது அந்த ஆராய்ச்சி. இல்லத்தில் இருப்பவர்கள் தங்கள் சிக்கலுக்குத் தாங்களே பெயர் வைப்பார்கள். அது எப்போது வருகிறது, ஏன் வருகிறது என்று பலகையில் படம் போடுவார்கள். நண்பர்களோடு நடித்தும் பார்ப்பார்கள். தங்கள் காதில் மட்டும் கேட்கும் குரலை விரட்டாமல், "இன்றைக்குப் போய் வாருங்களேன்" என்று பணிவாகக் கேட்டுக்கொள்வார்கள். ஆண்டு விழாவில் சிறந்த மாயத்தோற்றத்துக்குப் பரிசே உண்டு! மருந்தும் மருத்துவரும் கூடவே இருக்கிறார்கள்.

இந்த முறை டோக்கியோ பல்கலைக்கழகம் வரை போயிருக்கிறது. அங்கே இதை வளர்ப்பவர் குமகாயா ஷினிச்சிரோ. பெருமூளை வாதத்தோடு வளர்ந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே குழந்தை மருத்துவர் ஆனவர். அவருடன் ஆய்வு செய்யும் அயாயா சட்சுகி, ஆட்டிசம் உள்ள தன் அனுபவத்தையே ஆராய்ந்து எழுதுகிறார்.