மூலையில் மோதும் காற்று



இன்று ஒரு கட்டடத்தைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறோம். நியூயார்க்கில் 59 மாடிகளோடு 1977-ல் கட்டி முடிக்கப்பட்ட சிட்டிகார்ப் சென்டர் என்னும் அலுவலகக் கட்டடம் அது. மனையின் ஒரு மூலை புனித பேதுரு லுத்தரன் சபைக்கு உரியது. ஆலயத்துக்கு இடம் விடவேண்டியிருந்ததால், தூண்களை மூலைகளில் நாட்டாமல் நான்கு பக்கங்களின் நடுவில் நாட்டினார்கள்.

மறுவருடம் அதன் பொறியாளர் வில்லியம் லெமெஷர் தம் கணக்கைத் திரும்பப் பார்த்தார். நேராக வீசும் காற்றைக் கட்டடம் தாங்கும். மூலையில் மோதும் காற்றை? எஃகு இணைப்புகளை வெல்டிங் செய்யாமல், செலவு குறையுமென்று போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். பெரும்புயலில் அவை விட்டுப்போகலாம் என்று அவர் கணக்குச் சொல்லிற்று.

அவர் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் தம் பெயர் போனாலும் போகட்டுமென்று உரிமையாளர்களிடம் சொன்னார். இரவு இரவாக, இணைப்புகளின்மேல் 2 அங்குல எஃகுத் தகடுகளை வைத்து வெல்டிங் செய்தார்கள். வேலை முடியுமுன்னே, செப்டம்பர் தொடக்கத்தில் 'எல்லா' என்னும் சூறாவளி அட்லாண்டிக் கடலில் எழும்பிற்று. நல்லவேளையாக அது கரையை விட்டு விலகிப் போயிற்று.

இதிலும் ஒரு குறை உண்டு. அங்கே தினமும் வேலைக்கு வந்தவர்களுக்கு ஒருவரும் உண்மையைச் சொல்லவில்லை. 1995-ல்தான் ஒரு பத்திரிகை வழியாக அது வெளிவந்தது.

ஆகவே, நம் கணக்கை நாமே திரும்பப் பார்க்கக் கூச்சப்படாதிருப்போம். தவறு கண்டால் சொல்லுவோம். அந்தக் கூரையின் கீழ் இருப்பவர்களுக்கே முதலில் சொல்லுவோம்.