நம்பிக்கை நடந்த வழி: மாயூரம் வேதநாயகர்



கிறித்தவ அறத்தைப் பேசப் புகுவோர் நாவில் விசுவாசம், அன்பு, இரக்கம் என்னும் மூன்று சொற்களும் ஒருங்கே வந்து நிற்கும். இம்மூன்றும் மூன்று அறங்களா, ஓர் அறத்தின் மூன்று நிலைகளா என்பது எண்ணத்தக்க வினா. செயலில் வெளிப்படாத விசுவாசம் உயிரற்றது என்பது யாக்கோபு திருமுகத்தின் துணிபு. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரமோ இறுதித் தீர்ப்பையே காட்சியாக்குகிறது. அங்கு நடுவராய் வீற்றிருப்பவர் எவரிடத்தும் வழிபாட்டுக் கணக்கைக் கேட்பதில்லை. பசித்தவர்க்கு இட்ட உணவும், நோயுற்றவரைச் சென்று கண்ட பரிவுமே அங்கு அளவுகோல்கள். எளியவர்க்குச் செய்ததைத் தமக்கே செய்ததாக அவர் ஏற்றுக்கொள்கிறார்.

இக்காட்சியை நெஞ்சிற்கொண்ட ஒருவர், தாமே தீர்ப்பளிக்கும் இருக்கையில் அமர்ந்தால் எவ்வாறு வாழ்வார்? மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் (1826-1889) வாழ்வு அதற்கொரு விடை. குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் தோன்றிய அவர், மாயூரத்தில் முன்சீபாக விளங்கினார். 1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அவரைத் தமிழின் முதல் நாவலாசிரியர் ஆக்கியது. அப்பெருமை பலரும் அறிந்தது; அவர் வாழ்ந்த சமயம் அதனினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது.

அவர்தம் விசுவாசம் முதலில் நீதிமன்றத்தில் நடந்தது. 1859இல் வெளிவந்த ‘நீதிநூல்’ கைக்கூலி வாங்குதலைக் கடிகிறது. நீதிமன்றத் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தமையால், வழக்காடிய எளியோர்க்கு அவை எட்டாப் பொருளாயின. 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தொகுத்துத் தமிழாக்கி, 1862இல் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் பெயரில் அவர் வெளியிட்டார். தன்னைக் கட்டுப்படுத்தும் சட்டம் யாதென அறியாது நிற்பவனுக்கு அதனை அவன் மொழியில் தருவதும் இரக்கத்தின் பாற்படுவதே. உணவிடுவது மட்டுமே இரக்கம் என்று கருதுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அடுத்து, அன்பு. தேவமாதாவுக்கு அந்தாதி பாடிய அதே புலவர், 1878இல் ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’களைத் தந்தார். எச்சமயத்தாரும் தம் இறைவனை நோக்கிப் பாடத்தக்கவை அவை. தம் சமயத்தில் பிடிப்புத் தளர்ந்தவர் காட்டும் பொதுமையன்று இது. தம் சமயத்தில் வேரூன்றியவர் பிறர்க்கு விரித்த நிழல். அந்நிழல் ஒருவழிப்பட்டதாகவும் இல்லை. சைவப் பெரும்புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மீது ‘குளத்துக்கோவை’ பாடினார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரை வேதநாயகர் பாராட்டிப் பாடினார்.

மூன்றாவதாகிய இரக்கத்திற்குத் தாது வருடப் பஞ்சம் தேர்வு வைத்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய அப்பஞ்சம் பல இலட்சம் உயிர்களைக் கொண்டது. 1877இல் ஆங்கில அரசின் சார்பில் வந்த ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலையில் உழைக்கும் ஆடவனின் நாட்கூலியை ஓர் இறாத்தல் தானியமும் சிறிது காசும் என்னும் அளவிற்குக் குறைத்தார். உடலுழைப்பவன் உயிர்தாங்க அது போதாதென மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதிட்டார். அரசு செலவைக் கணக்கிட்டது. பசி அக்கணக்கிற்குக் கட்டுப்படவில்லை.

அந்த அரசிலே பதவி வகித்தவர்தாம் வேதநாயகர். எனினும் அவர் அரசின் அளவுகோலைத் தம் கைக்கு அளவாகக் கொள்ளவில்லை. தம் பொருளைப் பசித்தோர்க்கு வாரி வழங்கினார். ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ தந்த கோபாலகிருஷ்ண பாரதியார், அக்கொடையில் நெகிழ்ந்து அவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார். சிவனடியாரைப் பாடிய வாய் கிறித்தவர் ஒருவரின் ஈகையைப் பாடியது.

இங்குக் கவிஞர்கள் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. வேதநாயகரும் பஞ்சத்தைப் பாடினார். அதனைத் தீர்த்தருளுமாறு இறைவனிடம் முறையிட்டார். ஆயின் பாடியதோடு கடமை முடிந்ததென அமையவில்லை. இறைவனிடம் கேட்டதைத் தம்மால் இயன்ற அளவில் தாமே செய்யத் தொடங்கினார். அதனாற்றான் அவர் முறையீட்டில் பொய் இல்லை. பசியைப் பற்றிய பாட்டு கைதட்டலைப் பெறலாம். பசித்தவனுக்கு அக்கைதட்டல் சோறாகாது. பாட்டு வேண்டாவென்பது இதன் பொருளன்று. பாட்டுக்குப் பின்னே ஒரு கை நீளுமாயின், பாட்டின் சொல்லுக்கு எடை கூடும் என்பதே பொருள்.

விசுவாசம் வேர், அன்பு கிளை, இரக்கம் கனி. வேரைக் கண்டவர் எவருமிலர். கனியைக் கொண்டே மரம் அறியப்படும். இவ்வட்டத்தின் பத்தாண்டுகளில் பாடப்பெற்ற கவிதைகளுள் அன்பையும் இரக்கத்தையும் பொருளாகக் கொண்டவையும் உண்டு. அவற்றுள் எத்தனை, அரங்கைக் கடந்து ஒரு வீட்டு வாயிலை அடைந்தன என்னும் கணக்கை வட்டமே எடுத்துப் பார்க்கட்டும். அடுத்த பத்தாண்டு அக்கணக்கிலிருந்து தொடங்குவதாகுக.