வெளிச்சத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள்?

 



சூரியனையும் காற்றையும் கடலையும் மனிதனின் நன்மைக்காக இறைவன் வசப்படுத்தித் தந்திருப்பதைத் திருக்குர்ஆன் பல இடங்களில் நினைவூட்டுகிறது. கொடுக்கப்பட்ட ஒவ்வொரு நிஃமத்தைப் பற்றியும் மறுமையில் கேள்வி உண்டு என்பது நம் ஈமானின் பகுதி. அந்தக் கேள்வியை மனத்தில் நிறுத்தி, இன்று ஒன்றைச் சிந்திப்போம். நம் வீட்டில் எரியும் விளக்கின் விலையை உண்மையில் யார் கொடுக்கிறார்கள்? மின்கட்டணத்தை நாம் செலுத்துகிறோம். அரசும் ஒரு பகுதியை ஏற்கிறது. ஆனால் எந்த ரசீதிலும் வராத ஒரு விலையும் இருக்கிறது.

ரசீதில் வராத விலை

நம் நாட்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் பத்தில் ஏறத்தாழ ஏழு பங்கு நிலக்கரியை எரித்தே பெறப்படுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்திற்கு ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி எரிய வேண்டும். நம் நாட்டு நிலக்கரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சுகிறது. மாதம் 200 யூனிட் செலவழிக்கும் ஒரு வீட்டுக்கு அத்தனையும் அனல்மின் நிலையத்திலிருந்து வந்தால், 140 கிலோ நிலக்கரி எரிந்து, சுமார் 45 கிலோ சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பல் நம் முற்றத்தில் கொட்டப்படுவதில்லை. கொட்டப்பட்டால் ஒரே வாரத்தில் நாம் திருந்திவிடுவோம்!

அது எங்கே போகிறது? சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகத்திலும் கொசஸ்தலை ஆற்றிலும் சாம்பல் படிந்து, இறாலும் மீனும் பிடித்துப் பிழைத்த மக்களின் வாழ்வாதாரம் நலிந்தது. அந்த வழக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. எவனுடைய தீங்கிலிருந்து அண்டை வீட்டார் அச்சமற்றிருக்கவில்லையோ அவன் முழுமையான முஃமின் அல்லன் என்று பெருமானார் (ஸல்) எச்சரித்தார்கள். நம் வெளிச்சத்தின் சாம்பலைச் சுமப்பவர் பல மைல் தொலைவில் இருந்தாலும், அவரும் நம் அண்டை வீட்டாரே. அவர் எந்த மார்க்கத்தவர் என்று இங்கே கேள்வி இல்லை.

நெருப்பிலும் பங்காளிகள்

தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் முஸ்லிம்கள் பங்காளிகள் எனும் நபிமொழி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அக்காலத்தில் நெருப்பு என்றால் சமையலும் வெப்பமும் வெளிச்சமும். இன்று அந்த மூன்றையும் மின்சாரம் தருகிறது. பங்காளி என்றால் பயனில் மட்டுமா பங்கு? பொறுப்பிலும் பங்கு உண்டு. ஒருவர் குளிரூட்டிய அறையில் உறங்க, இன்னொருவர் புகையைச் சுவாசிப்பது பங்காளித்தனம் ஆகாது.

இதற்கு மாற்று வழி இல்லையா? உண்டு. சூரிய ஒளிக்கும் காற்றுக்கும் சுரங்கம் தோண்ட வேண்டியதில்லை; எரித்துச் சாம்பலாக்க வேண்டியதும் இல்லை. இது புதிய சிந்தனையும் அன்று. பாரசீகத்தின் கிழக்கே சீஸ்தான் பகுதியில் காற்றால் இயங்கிய ஆலைகளைப் பத்தாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அல்மஸ்ஊதி குறிப்பிட்டுள்ளார். மாவரைக்கவும் நீரிறைக்கவும் அன்றைய மக்கள் காற்றைப் பயன்படுத்தினார்கள்.

நம் தமிழ்நாட்டிலும் அந்த நிஃமத் நிறைந்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரின் இடைவெளிகளான பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியே பாய்கிறது. ஆரல்வாய்மொழி அருகே முப்பந்தலில் வரிசை வரிசையாகக் காற்றாலைகள் நிற்கின்றன. மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரியமின் நிலையம் 2016-இல் செயல்படத் தொடங்கியது. எந்த வெயிலை நாம் நொந்துகொண்டோமோ, அந்த வெயிலே இன்று விளைச்சலாகிறது.

ஐந்து வேளையும் சூரியனும்

நிழலை அளந்து ளுஹரையும் அஸரையும் கணித்த சமுதாயம் நாம். அந்தக் கணக்கையே கொஞ்சம் கவனியுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் பள்ளி நிறைந்து, மின்விசிறிகள் எல்லாம் சுழலும் அதே நேரத்தில்தான் மொட்டைமாடியில் சூரியத் தகடு மிகுதியாக மின்சாரம் தருகிறது. ஆனால் மக்ரிபும் இஷாவும் சுப்ஹும் சூரியன் இல்லாத வேளைகள். தராவீஹும் அப்படியே. காற்றும் மே முதல் செப்டம்பர் வரை வீசுவதுபோல் ஆண்டு முழுவதும் வீசுவதில்லை. எனவே பகலின் மிச்சத்தை இரவுக்குச் சேமிக்க வேண்டும், அல்லது மின்வாரியக் கம்பியில் கொடுத்துக் கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டும். மொராக்கோவின் வர்ஸாஸாத் நகரருகே 2016-இல் தொடங்கிய நூர் மின்நிலையத்தில், பகல் வெப்பத்தை உருகிய உப்பில் தேக்கிவைத்துச் சூரியன் மறைந்த பின்னும் மின்சாரம் எடுக்கிறார்கள். அந்நாட்டில் பள்ளிவாசல்களின் கூரைகளிலும் சூரியத் தகடுகள் ஏறின. மராகிஷ் நகரின் பழம்பெரும் குத்பிய்யா பள்ளியும் அவற்றில் ஒன்று.

இலவசம் என்பது விரயத்திற்கு அனுமதியா?

சூரியன் இலவசம்தானே என்று எண்ணி விரயம் செய்தால், தகடு மாட்டியும் பயனில்லை. அண்ணலார் (ஸல்) ஒரு முத்து அளவுத் தண்ணீரில், அதாவது இரு கை கொள்ளும் அளவில், உளூச் செய்தார்கள். உறங்கும் முன் விளக்கை அணைக்கச் சொன்னார்கள். எலி திரியை இழுத்து வீட்டைக் கொளுத்திவிடும் என்பது அதற்கு அவர்கள் கூறிய காரணம். திரி விளக்கு போய்விட்டது. தேவையற்ற வெளிச்சம் தீங்கு தரும் என்ற பாடம் போகவில்லை.

பள்ளியில் ஒரே ஒரு ஸஃப் நிற்கும்போது இருபது மின்விசிறிகளும் சுழல்கின்றன. ஒவ்வொன்றும் 75 வாட் என்றால், ஒரு மணி நேரத்தில் ஒன்றரை யூனிட். ஏறத்தாழ ஒரு கிலோ நிலக்கரி! தொழுகையை முடித்துத் திரும்பும் நாம் அதற்குப் பதில் சொல்ல வேண்டாமா?

நாம் செய்யக்கூடியவை

முதலில், பள்ளியின் சுவிட்சுகளை ஸஃப் வாரியாகப் பிரித்து அமையுங்கள். பழைய விசிறி பழுதாகும்போது, சுமார் 30 வாட்டில் ஓடும் புதியவகை விசிறியை மாட்டுங்கள்.

அடுத்து, சொந்த மாடி உள்ளவர்கள் சூரியத் தகட்டைப் பற்றி விசாரியுங்கள். ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு யூனிட் தரும். மத்திய அரசு 2024-இல் தொடங்கிய வீட்டுச் சூரியமின் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாயும் மானியமாக அறிவிக்கப்பட்டது. மீதித் தொகைக்கு வட்டிக் கடனை நாடாதீர்கள். நன்மையான செயலுக்குள் ஹராமைப் புகுத்த வேண்டாம். ஜமாஅத்தின் பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடன் கொடுக்க நிர்வாகிகள் முன்வரட்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். வெளியேறும் அறையின் விளக்கை அணைப்பதற்கு மாடி தேவையில்லை. நம் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுங்கள். கட்டணம் குறையும் என்று மட்டும் சொல்லாதீர்கள். எண்ணூரில் ஒரு பிள்ளை நல்ல காற்றைச் சுவாசிக்கும் என்றும் சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! நீ தந்த சூரியனுக்கும் காற்றுக்கும் நன்றியுள்ள அடியார்களாக எங்களை ஆக்குவாயாக! எங்கள் வெளிச்சம் பிறருக்கு இருளாகாமல் காப்பாயாக! ஆமீன்.