ஐரோப்பாவின் மூன்று கொள்கைகளும் நமது ஈழநாடும்

(சங்க இளைஞர் கூட்டத்திலே நிகழ்த்திய சொற்பொழிவு)



பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஐரோப்பாவிலே மோதிக்கொண்ட தேசியவாதம், தாராண்மைவாதம், பழைமைவாதம் என்னும் மூன்று கொள்கைகளைப்பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்திருக்கிறார். இந்து வாலிபர் சங்கத்திலே ஒஸ்திரியாவின் மெற்றேணிக்குக்கு என்ன வேலை என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். நியாயமான கேள்விதான். ஐரோப்பிய சரித்திரத்திலே 1815, 1832, 1848 ஆகிய ஆண்டுகள் முக்கியமானவை. அதே மூன்று ஆண்டுகளும் இலங்கைச் சரித்திரத்திலும் அழியாது பதிந்து கிடக்கின்றன. நான் மிசன் பாடசாலையிலே கற்றவன். அங்கே ஐரோப்பிய சரித்திரமும் கற்பித்தார்கள், இலங்கைச் சரித்திரமும் கற்பித்தார்கள். இரண்டையும் பக்கத்தே பக்கத்தே வைத்துப் பார்க்கும் வேலை நம்முடையது. அதனையே இன்று செய்ய முயல்கிறேன்.

முதலிலே இக்கொள்கைகள் யாவை என்று சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். ஒரு மொழியும் ஒரு பழஞ்சரித்திரமும் உடைய மக்கள் தம்மைத் தாமே ஆளவேண்டும் என்பது தேசியவாதம். அரசன் சட்டத்துக்குட்பட்டவன், மக்களின் பிரதிநிதிகளே சட்டம் இயற்றவேண்டும், பேச்சும் எழுத்தும் தொழிலும் தடையின்றி நடைபெறவேண்டும் என்பது தாராண்மைவாதம். முன்னோர் நீண்ட காலமாகக் கட்டியெழுப்பிய சமயத்தையும் வழக்கத்தையும் ஒரு நாளிலே இடித்துவிடலாகாது என்பது பழைமைவாதம். ஒரு சமுதாயம் என்பது இறந்தோரும் இருப்போரும் இனிப் பிறப்போரும் சேர்ந்த கூட்டு என்று எட்மண்ட் பேர்க் 1790 ஆம் ஆண்டிலே வாதித்தார். பிதிர்களை நினைந்து விரதமிருக்கும் நமக்கு அக்கருத்து அந்நியமானதன்று.

இனி 1815 ஆம் ஆண்டைப் பார்ப்போம். நெப்போலியனின் ஆட்சி சரிந்தபோது ஐரோப்பிய அரசுகள் வீயன்னா நகரிலே கூடின. மெற்றேணிக் முன்னின்று பழைய அரச குடும்பங்களை மீண்டும் சிம்மாசனத்தில் அமர்த்தினார். வட இத்தாலி ஒஸ்திரியாவின் கைக்குப் போயிற்று, போலந்து பங்கிடப்பட்டது. அங்குள்ள மக்களை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாநாட்டின் முடிவு யூன் மாதத்திலே கையொப்பமாயிற்று. அதற்கு மூன்று மாதம் முன்னர், அதே ஆண்டு மார்ச் 2 ஆந் திகதி, கண்டியிலே வேறோர் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. நாயக்கர் வமிசத்தவனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அரசிழந்து வேலூருக்கு அனுப்பப்பட்டான். பௌத்த சமயமும் பழைய வழக்கங்களும் பிரதானிகளின் உரிமைகளும் காக்கப்படும் என்று ஆங்கிலேயர் வாக்களித்தனர். அரசனை நீக்கிப் பழைமையைக் காப்போம் என்றனர். 1817 ஆம் ஆண்டிலே ஊவாவிலே கலகம் எழுந்து 1818 இல் அடக்கப்பட்டபோது, பிரதானிகளின் உரிமைகளும் குறைக்கப்பட்டன.

வீயன்னா ஏற்பாட்டை முதலில் எதிர்த்தோர் இளைஞர். 1815 இல் ஜேனா நகரிலே மாணவர் சங்கம் ஒன்று தோன்றிற்று. 1817 ஒக்டோபரில் யேர்மனிய மாணவர் பல நூற்றுவர் வார்ட்பேர்க் கோட்டையிலே திரண்டு நாட்டின் ஐக்கியத்தையும் சுதந்திரத்தையும் முழங்கினர். 1819 இல் ஒரு மாணவன் கொட்செபு என்னும் நாடகாசிரியரைக் கொலைசெய்ததும், மெற்றேணிக் அதையே காரணமாகக் காட்டி மாணவர் சங்கங்களைத் தடைசெய்து பத்திரிகைகளுக்கும் வாய்ப்பூட்டுப் போட்டார். 1831 இல் மசினி தொடங்கிய இளைய இத்தாலி என்னும் இயக்கத்திலே நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் பொதுவாகச் சேர்க்கப்படவில்லை. அவ்விதி இங்கேயும் இருந்தால் முன்வரிசை ஆசனங்கள் இன்று காலியாக இருக்கும். சங்கத்தின் கணக்கைப் பார்க்கவும் ஆளிராது!

வார்ட்பேர்க்கிலே நடந்த இன்னொரு காரியத்தையும் மறைக்கலாகாது. அந்த இளைஞர் தமக்குப் பிடிக்காத நூல்களின் பெயர்களைக் காகிதக் கட்டுகளில் எழுதி நெருப்பிலே இட்டனர். அளவுமீறிய யேர்மனியப் பித்தைக் கண்டித்து அஷர் என்னும் யூத அறிஞர் எழுதிய நூலின் பெயரும் அவற்றுள் ஒன்று. சுதந்திரம் கேட்டவர்களே மாற்றுக் கருத்தைக் கொளுத்தினார்கள். அதன் பொருளை நமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. 1981 ஆம் ஆண்டு யூன் மாதம் புலரும் இரவிலே யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அங்கே எரிந்தவை வெறுங் காகிதக் கட்டுகள் அல்ல.

இரண்டாவது ஆண்டு 1832. இங்கிலாந்திலே அவ்வாண்டு பாராளுமன்றச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறிற்று. நடுத்தர வகுப்பினர் பலருக்கு வாக்குக் கிடைத்தது. ஏழைத் தொழிலாளருக்குக் கிடைக்கவில்லை. பெண்களுக்கு அறவே இல்லை. 1830 ஆம் ஆண்டுப் புரட்சியின் பின்னர் பிரான்சிலும் அதே நிலை. மூன்று கோடிக்கு மேற்பட்ட சனங்களுள் வாக்காளர் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேரே.

இத்தாராண்மைக் காற்று இலங்கைக்கும் வீசிற்று. கோல்புறூக்கும், பெந்தாமின் கொள்கைகளில் ஊறிய கமரனும் இங்கு வந்து விசாரித்து எழுதிய அறிக்கைகளின்படி, 1832 இல் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டது. 1833 இல் தீவு முழுவதும் ஒரே நிர்வாகத்தின் கீழ் ஐந்து மாகாணங்களாயிற்று. சட்டநிரூபண சபையும் அமைந்தது. அதிலே உத்தியோகத்தர் ஒன்பதின்மர், உத்தியோகப்பற்றற்றோர் அறுவர். அவ்வறுவருள் மூவர் ஐரோப்பியர். சிங்களவர், தமிழர், பறங்கியர் ஆகியோருக்கு ஒவ்வோர் இடம். அவர்களையும் தேசாதிபதியே நியமித்தார். இலங்கையர் தம் வாக்கினாலே ஒருவரை அனுப்புவதற்கு 1911 வரை காத்திருக்கவேண்டியதாயிற்று.

கட்டாய ஊழியம் ஒழிந்தது பெரிய நன்மை. அதை மறுப்பவன் அறிவிலி. ஆயினும் 1840 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தினால், பயிரிடப்படாத நிலம் முடிக்குரியதென்று கொள்ளப்பட்டது. கண்டிச் சீமையின் காடுகள் கோப்பித் தோட்டங்களாயின. தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து ஏழைத் தமிழர் கால்நடையாக வந்தனர். தொழிற் சுதந்திரம் பேசிய அக்காலத்திலே அவர்களுக்காகப் பேச எவருமிலர். அவர்தம் சந்ததியார் பெரும்பாலோர் 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராயினர்.

மூன்றாவது ஆண்டு 1848. இங்குதான் விடயம் சுவை பெறுகிறது. பெப்ரவரியில் பாரிசிலே மன்னன் முடி துறந்தான். மார்ச்சில் மெற்றேணிக் வீயன்னாவை விட்டு ஓடினார். அங்கேரியிலே கொசுத் என்னும் தலைவர் ஒஸ்திரியப் பேரரசினிடமிருந்து சுயாட்சி கோரினார். அவரும் அவர் கூட்டத்தாரும் மகியார் மொழி பேசுவோர். பத்திரிகைச் சுதந்திரத்தையும் குடியானவர் விடுதலையையும் விரும்பிய நல்ல தாராண்மைவாதிகள். ஆயின் அங்கேரிய இராச்சியத்திலே மகியார் மக்கள் பாதிக்கும் குறைந்தோர். குரோவாத்தியர், சேர்பியர், உருமேனியர், சிலோவாக்கியர் எனப் பல மக்கள் அங்கு வாழ்ந்தனர். 1844 இலேயே மகியார் மொழி அரசகரும மொழியாக்கப்பட்டிருந்தது. வீயன்னாவிடம் கேட்ட உரிமையைத் தம் அயலவர்க்குக் கொடுக்க மகியார் தலைவர்கள் தயங்கினர். அதனால் குரோவாத்தியரும் ஏனையோர் பலரும் பேரரசனின் பக்கம் சாய்ந்தனர். 1849 இல் உருசியப் படையும் வந்து சேர, அங்கேரியின் சுதந்திரம் நசுக்கப்பட்டது. எதிரியின் பலமும் காரணந்தான். அயலவனைப் பகைத்ததும் காரணமாகும். 1956 ஆம் ஆண்டிலே இந்நாட்டிலும் ஒரு மொழியை மட்டும் அரசகரும மொழியாக்கிச் சட்டம் வந்தது. தமிழுக்கும் அவ்வுரிமை என்று அரசியலமைப்பிலே எழுதப்பட்டது 1987 இல். இடையிற் கழிந்த முப்பத்தோராண்டுகளிலே இருசாராரும் எவ்வளவு இழந்தனர் என்பதை இம்மண்டபத்திலுள்ள பெரியோர் என்னைவிட நன்கறிவர்.

அதே 1848 இல் மாத்தளையிலே என்ன நடந்தது? தேசாதிபதி டொறிங்டன் நாய்க்கும் துவக்குக்கும் கடைக்கும் வரி விதித்தார். ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும், அன்றேல் பணம் கட்டவேண்டும் என்றும் விதித்தார். பதினாறு ஆண்டுகளுக்கு முன் ஒழித்த இராசகாரியம் வேறு வேடத்தில் வந்தது என்று மக்கள் எண்ணியதில் வியப்பென்ன? யூலை மாதத்திலே கலகம் மூண்டது. கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டான். வீர புரன் அப்பு ஓகஸ்ட் 8 ஆந் திகதி கண்டியிலே சுட்டுக் கொல்லப்பட்டான். இராணுவச் சட்டத்தின் கீழ் ஒரு பிக்குவும் சீவரத்துடன் சுடப்பட்டார். அப்பொழுது இங்கிலாந்தின் பிரதமர் யார் தெரியுமா? 1832 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்காக வாதாடிய றசல் பிரபு. டொறிங்டன் அவருக்கு உறவினர். இலண்டனிலே மலர்ந்த தாராண்மை கண்டிக்கு வந்து சேருமுன் வாடிப்போயிற்று.

அதே ஆண்டிலே வண்ணார்பண்ணையில் வேறு வகையான முயற்சி ஒன்று நடந்தது. ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அவர் வெஸ்லியன் மிசன் பாடசாலையிலே கற்று அங்கேயே கற்பித்தவர். பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பில் உதவியவர். 1847 டிசெம்பர் 31 ஆந் திகதி வைத்தீசுவரன் கோயிலிலே முதற் பிரசங்கம் செய்தார். பின்னர் அச்சுக்கூடம் நிறுவினார், பாலபாடங்கள் எழுதினார், வினாவிடையாகச் சமயநூல் இயற்றினார். பிரசங்கம், அச்சு, வகுப்பு முறை ஆகிய மூன்றும் பாதிரிமார் கையாண்ட கருவிகள். அவற்றையே கைக்கொண்டு பழைய சைவத்தைக் காத்தார். மெற்றேணிக் பழைமையைக் காக்கப் பத்திரிகையை அடக்கினார். நாவலர் பழைமையைக் காக்க அச்சியந்திரம் வாங்கினார். மிசன் பாடசாலைக் கல்வியும் சைவ வாழ்வும் ஒன்றுக்கொன்று பகையாகவேண்டுமென்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இம்மூன்று கொள்கைகளும் அடுத்த நூற்றாண்டிலே நம்மிடையே எவ்வாறு மோதின என்பதையும் கூறவேண்டும். சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919 இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரானார். தொழிலாளர் நலனுக்காகவும் உழைத்தார். அவர் தமையனார் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பழைமையின் தூணாக நின்றார். கொட்டாஞ்சேனைக்கு அயலிலே, கொச்சிக்கடையிலே, தம் தந்தையார் எழுப்பிய பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தைக் கருங்கல்லிலே புதுக்கினார். 1913 இல் பெண்களுக்கென்று கல்லூரி தொடங்கினார். அத்தகைய பெருமகனார், டொனமூர் ஆணைக்குழு ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை கொடுக்கச் சொன்னபோது அதனைக் கடுமையாக எதிர்த்து, 1930 இல் முதிர்ந்த வயதிலும் இலண்டன் வரை சென்று வாதாடினார். அதற்குமுன் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வருக்கே வாக்கிருந்தது. 1931 இல் இருபத்தொரு வயதானோர்க்கு வாக்குக் கிடைத்தது. மலையகத் தொழிலாளருக்கு மட்டும் தனி நிபந்தனைகள் இருந்தன.

அதே 1931 இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், இச்சீர்திருத்தம் முழுச் சுயாட்சி தரவில்லை என்று தேர்தலைப் பகிஷ்கரித்தது. வடக்கிலே நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. அப்பகிஷ்காரம் சரியோ பிழையோ என்று இன்றும் வாதிடுவர். நான் சொல்ல வந்தது வேறு. ஹன்டி பேரின்பநாயகம் முதலாகக் கிறித்தவக் கல்லூரிகளிலே கற்றவர் பலர் அச்சங்கத்திலே இருந்தனர். 1927 இல் மகாத்மா காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தனர். சாதி வேற்றுமையின்றி ஒரே பந்தியில் அமர்ந்து உண்டனர். இலங்கை முழுவதையும் தம் நாடென்று கொண்டனர். தேசியத்தையும் தாராண்மையையும் பிரிக்காமல் வைத்திருக்க இளைஞர்களால் முடியும் என்பதை அவர்கள் காட்டினர்.

ஆகவே, பெரியோர்களே, ஒரு கொள்கை நல்லதோ தீயதோ என்று அதன் பெயரைக்கொண்டு தீர்மானிக்க முடியாது. அது தன் வாசலுக்கு வெளியே யாரை நிறுத்துகிறது என்று பார்க்கவேண்டும். அங்கேரியரின் தேசியவாதம் அயல்மொழியாரை நிறுத்திற்று. றசல் பிரபுவின் தாராண்மை ஏழையையும் குடியேற்ற நாட்டானையும் நிறுத்திற்று. நமது பழைமைவாதம் யாரை நிறுத்திற்று? சமூகக் குறைபாடுகளைத் தடைசெய்யும் சட்டம் 1957 இல் வந்த பின்னரும், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே, உள்ளே சென்று வழிபட வந்த நம் சைவச் சகோதரர் தடுத்து நிறுத்தப்பட்டனர். வெளியார் நமக்குச் செய்த அநீதியைப் பேசும் நாவுக்கு இதையும் பேசும் கடமை உண்டு. கோயிலைக் காப்பது என்பது அதன் கதவைப் பூட்டுவதன்று. நாவலரின் கருவிகளை ஏற்ற நாம் வாலிபர் காங்கிரசின் பந்தியையும் ஏற்போமாக.

இறுதியாக நமது சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள்கள். திருமுறை வகுப்பும் பழைய ஆண்டுமலர்களைத் திரட்டிக் காக்கும் வேலையும் ஒழுங்காக நடைபெறவேண்டும், அது பழைமை. பொதுக்கூட்டத்திலே எந்த அங்கத்தவரும், இளையவராயினும் பெண்ணாயினும், எழுந்து கேள்வி கேட்கவும் பதவிக்கு நிற்கவும் இடமிருக்கவேண்டும், அது தாராண்மை. நம் அயலவரின் மொழியாகிய சிங்களத்தைப் படிக்க ஒரு மாலை வகுப்பு வேண்டும். நம் மொழியை அவர் மதிக்கவேண்டும் என்று கேட்பவர் அவர் மொழியை அறிந்திருத்தல் அழகு. அதுவே கொசுத்துக்குக் கைகூடாத தேசியம்.

பெரியோர் கேட்கும் கேள்விகளுக்கு என்னால் இயன்ற விடை கூறக் காத்திருக்கிறேன்.