பன்றியும் வலிப்பும் – குற்றவாளி யார்?

(கருவேப்பிலங்குறிச்சியில் ஆடு, மாடு, பன்றி வளர்க்கும் தோழர்களிடையே பேசியது)



கால்நடைகளிடமிருந்து மனிதனுக்கு வரும் புழு வியாதிகளைப் பற்றிப் பேசவேண்டுமென்று கேட்டுக் கொண்டீர்கள். அவற்றில் மிகக் கொடியதும், மிக அதிகமாகப் பொய் கட்டப்பட்டதுமான ஒன்றையே இன்று முக்கியமாக எடுத்துக் கொள்ளுகிறோம். அதுதான் மூளையில் புழுக்கட்டி தங்குவதால் வரும் காக்காய் வலிப்பு.

வலிப்புக்குத் தலையில் அடி முதலிய பல காரணங்கள் உண்டு. ஆனால் இந்தப் புழு சாமானியமான காரணமல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் வேலூர்ப் பக்கத்தில் வீடு வீடாகச் சென்று, 50,000 பேருக்கு மேல் விசாரித்து, 2006-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 1,000 பேருக்கு ஏறக்குறைய 4 பேருக்கு வலிப்பு இருந்தது. அவர்களில் ஏறக்குறைய மூன்றிலொருவருக்கு இந்தப் புழுவே காரணமென்று கண்டார்கள்.

நம் ஜனங்கள் செய்வதென்ன? பிள்ளை வலிப்பு கண்டு விழுந்தால் பேய் என்கிறார்கள். வேப்பிலை அடிக்கிறார்கள், தாயத்துக் கட்டுகிறார்கள், கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறார்கள். "சாவி கொடுத்ததும் நின்றதே!" என்பார்கள். பெரும்பாலான வலிப்பு சில நிமிஷங்களில் தானாகவே நின்றுவிடும். கையில் துடைப்பக்குச்சியைக் கொடுத்திருந்தாலும் நின்றுதானிருக்கும்!

பேயை நம்பாத படித்தவர்களோ, பன்றியின் மேலும் பன்றி வளர்ப்பவர் மேலும் பழியைப் போடுகிறார்கள். இதுவும் பாதிப் பொய்யே. சரியாக வேகாத பன்றிக்கறியில் வெந்த ஜவ்வரிசி போன்ற புழுக்கட்டி இருந்து, அதைத் தின்றவன் குடலில் நாடாப்புழு வளருகிறது. அவ்வளவுதான் கறியால் வருவது. மூளைக்குப் போவது வேறு. அந்த நாடாப்புழுவின் முட்டைகள் அவன் மலத்தோடு வெளிப்படுகின்றன. கழுவாத கையாலும், கீரையாலும், தண்ணீராலும் அம்முட்டை யார் வாய்க்குள் போகிறதோ அவருடைய மூளையில்தான் கட்டி உண்டாகிறது. பன்றிக்குக் கட்டி வருவதும் அதே மலத்தைத் தின்பதால்தான். ஆகவே பன்றிக்கு வியாதி கொடுத்தது யார்? மனிதனல்லவா?

"நாங்கள் சைவம், எங்களுக்கென்ன?" என்பவர்களுக்கு ஒரு சங்கதி. நியூயார்க்கில் பன்றிக்கறியைத் தொடாத வைதிக யூதர்கள் நால்வருக்கு இந்த வியாதி கண்டதாக 1992-ல் வைத்தியர்கள் எழுதினார்கள். அவர்கள் வீட்டில் வேலை செய்தவர்களிடமிருந்து முட்டை வந்திருக்க வேண்டுமென்று கண்டார்கள். வேலைக்காரர் ஜாதி பற்றியதல்ல இது. எவர் குடலிலும் புழு இருக்கலாம். மடியும் ஆசாரமும் முட்டையைத் தடுக்காது. சோப்பும் தண்ணீரும் தடுக்கும்.

இன்னொரு வேடிக்கை. பக்கத்து ஸ்ரீமுஷ்ணத்தில் பன்றியைப் பகவானின் அவதாரமென்று கும்பிடுகிறார்கள். அதே பன்றியை வளர்த்து வயிறு கழுவும் மனிதனை மாத்திரம் கிட்டே வராதே என்கிறார்கள். கல் பன்றிக்குள்ள மரியாதை உயிருள்ள மனிதனுக்கு இல்லை!

ஆட்டுக்காரத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆட்டையறுத்து, நீர்க்கட்டி கண்ட ஈரலை நாய்க்கு எறிகிறோம். நாயின் குடலில் வேறொரு புழு வளருகிறது. அதன் முட்டை நாயின் மயிரில் ஒட்டி, தடவிக் கொடுத்த கை வழியாக நம் வாய்க்கு வருகிறது. பிறகு நம் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி! இங்கும் எறிந்த கை நம்முடையதே.

ஆகவே செய்ய வேண்டியவை இவை. வீட்டுக்கொரு கக்கூஸ் வேண்டும். பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலம் பக்கத்திலிருக்கையில் கக்கூசுக்குப் பீங்கான் வைக்கவா பஞ்சம்? பன்றியை அடைத்துத் தீனி போட்டு வளருங்கள். கறியை நன்றாக வேகவையுங்கள். கெட்ட ஈரலைப் புதையுங்கள் அல்லது எரியுங்கள். வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், வைத்தியரிடம் கொண்டு போங்கள். புழுமருந்தைத் தாங்களாகவே கொடுக்க வேண்டாம்; மூளையில் கட்டியிருந்தால் வீக்கம் அதிகப்படலாம்.

இது நடக்கிற காரியமா என்பீர்கள். பெரு நாட்டின் வடகோடியிலுள்ள தும்பெஸ் என்ற பகுதியில் ஜனங்களுக்கும் பன்றிகளுக்கும் மருந்து கொடுத்து, பன்றிகளுக்குத் தடுப்பூசியும் போட்டார்கள். 107 கிராமங்களில் 105-ல் புழு பரவுவது நின்றதென்று 2016-ல் வெளியிட்டார்கள். அங்கே சாவியுமில்லை, தாயத்துமில்லை.

கடைசியாக, வலிப்பு கண்ட பெண்ணை ஒளித்து வைக்காதீர்கள். வலிப்புள்ளவர் கலியாணத்துக்குத் தகுதியற்றவர் என்றிருந்த வாசகத்தை இந்துத் திருமணச் சட்டத்திலிருந்தே 1999-ல் எடுத்துவிட்டார்கள். சட்டத்திலிருந்து போனது நம் மனத்திலிருந்தும் போகவேண்டாமா?

நாம் சொன்னதற்காக எதையும் நம்ப வேண்டாம். யோசித்துப் பாருங்கள், வைத்தியரைக் கேளுங்கள், சரியென்று பட்டதைச் செய்யுங்கள்.