தகரத்தில் விழும் மழை

ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர் தண்ணீர். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயமொன்றின் தகரக் கூரை 200 சதுர மீற்றர் என்று வைத்துக்கொண்டால், 75 மில்லிமீற்றர் மழைக்கு 15,000 லீற்றர் இறங்கும். 24 மணி நேரத்தில் அந்த 75ஐத் தாண்டினாலே மண்சரிவு குறித்து விழிப்பாயிருக்கச் சொல்கிறது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டியதுதான்.

இவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது?

கூரையோரத்தில் பீலி இல்லாத லயத்தில் இஸ்தோப்புக்கு முன்னாலேயே கொட்டி, மண்ணில் வரிசையாகக் குழி பறிக்கும். பின்பக்கம் இன்னும் மோசம். மலையை வெட்டிய மண்மேட்டுக்கும் காம்பராச் சுவருக்கும் நடுவே தேங்கி, அத்திவாரத்தில் ஊறும். பீலி பூட்டியும் குழாயைச் சரிவின் விளிம்பில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது கீழ் லயத்துக்காரருக்கு அனுப்பும் ஆபத்து. குழாய்த் தண்ணீர் சீமெந்துக் கானில் விழுந்து ஓடைவரை போகவேண்டும்.

தேயிலைக்கு அடியில் மண் கரையாதிருக்க வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே கான் வெட்டுகிறார்கள். அந்த அக்கறை பல லயங்களின் பின்புறத்துக்கு இன்னும் வந்துசேரவில்லை.

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் கடும் மழையில் லயங்களே மண்ணுக்குள் புதைந்தன. அவ்வளவு பெரிய சரிவைப் பீலி தடுக்காது. வீட்டோரத்து மண்மேடு ஊறாமல் காப்பது மட்டுமே அதன் வேலை. மே மாதத் தென்மேல் பருவமழைக்கு முன் பீலியில் அடைத்த சவுக்கு இலையை அள்ளிவிட்டால் அந்த வேலையைச் செய்யும்.